அங்கோர் லைடார் வரைபடங்கள்: வானம் காட்டியதும் காட்டாததும்

வான்வழித் தொல்லியல் என்பது, பழங்கால மனிதர்கள் நிலத்தின்மேல் விட்டுச்சென்ற தடங்களை உயரத்திலிருந்து பார்த்து அறியும் ஆய்வுமுறை. தொடக்கத்தில் பலூன், பிறகு விமானம், அதன்பின் செயற்கைக்கோள் என்று வளர்ந்த இம்முறை, இன்று லைடார் எனப்படும் லேசர் அளவீட்டில் வந்து நிற்கிறது. கம்போடியாவின் அங்கோர் பகுதியில் 2012, 2015 ஆண்டுகளில் நடந்த லைடார் அளவீடுகள் இத்துறையின் பெரிய சாதனைகளாக எண்ணப்படுகின்றன. அவை சாதனைகளே. ஆனால் அவற்றைப் பற்றிப் பரவிய செய்திகள், கருவி அளந்ததையும் ஆய்வாளர் ஊகித்ததையும் செய்தியாளர் சேர்த்ததையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. இம்மூன்றையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னணி

அங்கோர், கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை கெமர் அரசின் தலைநகரப் பகுதி. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய அங்கோர் வாட் கோயிலை அறியாதவர் குறைவு. ஆனால் அக்கோயிலைச் சுற்றி மக்கள் எங்கே வாழ்ந்தனர் என்ற கேள்விக்கு நெடுங்காலம் தெளிவான விடை இல்லை. காரணம் எளியது. கெமர் மக்கள் கல்லைத் தெய்வங்களுக்கு ஒதுக்கினர். அரண்மனை உட்பட மனிதர் வாழும் கட்டடங்கள் எல்லாம் மரத்தாலும் கூரையாலும் ஆனவை. அவை மக்கிப் போயின. எஞ்சியவை வீடு நின்ற மண்மேடு, அதன் அருகில் தோண்டிய குளம், பாதையாகவும் பயன்பட்ட கரை ஆகியவையே.

ஏரிப் பாசனத்தை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. அங்கோரின் மேற்கு பராய் என்னும் நீர்த்தேக்கம் சுமார் 8 கி.மீ. நீளமும் 2 கி.மீ. அகலமும் கொண்டது. நான்கு பக்கமும் கரை எழுப்பி நீரைத் தேக்கிய அமைப்பு அது. இவ்வளவு பெரிய கரை தரையில் நிற்பவருக்கும் தெரியும். ஆனால் முழங்கால் உயரமே உள்ள ஒரு வீட்டுமேடு, காட்டுக்குள் நடப்பவரின் கண்ணுக்கு எளிதில் படாது.

லைடார் செயல்படும் முறை

ஹெலிகாப்டரில் பொருத்திய கருவி, நொடிக்குப் பல்லாயிரக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்புகிறது. பெரும்பாலானவை இலைகளில் பட்டுத் திரும்புகின்றன. சில மட்டும் இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொட்டுத் திரும்புகின்றன. திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு தூரம் கணக்கிடப்படுகிறது. பிறகு கணினி, மரத்தில் பட்ட புள்ளிகளை நீக்கிவிட்டுத் தரையில் பட்ட புள்ளிகளை மட்டும் வைத்து நிலத்தின் மேடுபள்ளத்தை வரைகிறது.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. செய்தித்தாளில் வரும் சாம்பல்நிறப் படம் ஒளிப்படம் அல்ல; அது கணக்கிட்டு வரைந்த படம். எந்தப் புள்ளி மரம், எது தரை என்று ஒரு நிரல் தீர்மானித்திருக்கிறது. மேடுகள் தெரிவதற்காக ஒரு பக்கத்திலிருந்து வெயில் அடிப்பதுபோல் செயற்கை நிழலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்த வெயிலின் திசையை மாற்றினால் சில கோடுகள் மறையும், வேறு சில தோன்றும். எனவே படத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிவதாக நினைப்பதற்கு முன், இதை யார், எப்படி வரைந்தார்கள் என்று கேட்க வேண்டும். நிலவரைபடம் படிக்கக் கற்பிக்கும் எந்த ஆசிரியரும் முதலில் சொல்லித்தரும் பாடம் இதுதான்.

ஆய்வின் பயன்

லைடாருக்கு முன்பே அங்கோர் பலமுறை வானிலிருந்து பார்க்கப்பட்டது. 1994இல் எண்டெவர் விண்ணோடத்தின் ரேடார் இப்பகுதியைப் படமெடுத்தது. வான்படங்கள், ரேடார் பதிவுகள், தரையில் நடந்த கள ஆய்வு ஆகியவற்றைச் சேர்த்து டேமியன் எவன்ஸ் குழுவினர் 2007இல் ஒரு விரிவான வரைபடத்தை வெளியிட்டனர். ஏறத்தாழ 1,000 சதுர கி.மீ. பரப்பில், நீர்வழிகளால் இணைந்த, வீடுகளும் வயல்களும் கலந்து பரவிய ஒரு குடியிருப்பாக அங்கோரை அது காட்டியது.

2012இல் அங்கோர், குலேன் மலை, கோ கேர் ஆகிய இடங்களில் 370 சதுர கி.மீ. லைடாரால் அளக்கப்பட்டது. 2015இல் மேலும் சுமார் 1,900 சதுர கி.மீ. அளக்கப்பட்டது. 2013இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் முக்கியமான முடிவு இது: அங்கோரின் நெருக்கமான நகரப் பகுதி, அங்கோர் தோம் மதிலுக்குள் அடங்கிய 9 சதுர கி.மீ. மட்டுமல்ல, மதிலைத் தாண்டிக் குறைந்தது 35 சதுர கி.மீ. வரை தெருக்களும் வீட்டுமேடுகளும் குளங்களும் ஒழுங்கான கட்டங்களாக அமைந்திருந்தன. அங்கோர் வாட் வளாகத்தின் உள்ளேயே அத்தகைய கட்டங்கள் தெரிந்தன. கோயில்களை மட்டுமே பார்த்துப் பழகிய வரலாற்றுக்குள் சாதாரண மனிதர்களின் வாசலைக் கொண்டுவந்தது இந்த ஆய்வின் உண்மையான பெருமை.

"தொலைந்த நகரம்" என்ற தலைப்பு

2013 ஜூனில் உலகச் செய்தித்தாள்கள் குலேன் மலையில் தொலைந்த நகரம் கண்டுபிடிக்கப்பட்டதாக எழுதின. அது மகேந்திரபர்வதம். இரண்டாம் ஜெயவர்மன் கி.பி. 802இல் தம்மைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டதாகக் கருதப்படும் மலை நகரம் அது.

அந்நகரம் யாரிடமிருந்து தொலைந்தது? அதன் பெயர் 11ஆம் நூற்றாண்டின் ஸ்டோக் காக் தோம் கல்வெட்டிலேயே உள்ளது. 1936இல் பிலிப் ஸ்டெர்ன் அம்மலையின் கோயில்களை ஆராய்ந்தார். பின்னர் ஜான் புல்பே அங்கே பணியாற்றினார். போர்க்காலமும் புதைத்துவைத்த கண்ணிவெடிகளும் பல ஆண்டுகள் ஆய்வைத் தடுத்தன. அதற்குப் பிறகு ஜான்-பத்தீஸ்த் ஷெவான்ஸ் குழுவினர் ஆண்டுக்கணக்கில் அம்மலையில் நடந்து ஒவ்வொரு இடமாகப் பதிவு செய்தனர். மலைக் கிராமத்து மக்களோ அந்தக் கோயில் மேடுகளை எப்போதும் அறிந்திருந்தவர்கள்.

லைடார் செய்தது, தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்திருந்தவற்றை இணைக்கும் தெருக்களையும் கரைகளையும் காட்டியது. 2019இல் வெளியான விரிவான ஆய்வு, 40 முதல் 50 சதுர கி.மீ. பரப்பில் ஒரு நகரக் கட்டமைப்பையும், கட்டி முடிக்கப்படாத ஒரு பெரிய நீர்த்தேக்கத்தையும் விவரிக்கிறது. இது மிகப் பெரிய பங்களிப்பு. ஆனால் "கண்டுபிடித்தது" என்ற சொல், முன்பு நடந்தவர்களின் உழைப்பை ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது.

ஒரு பழைய எச்சரிக்கை

வானிலிருந்து பார்த்ததை நம்பித் தவறிய வரலாறு அங்கோரிலேயே உண்டு. 1930களில் விக்டர் கொலூபெவ், முதலாம் யசோவர்மனின் தலைநகரான யசோதரபுரத்தைத் தேடினார். வான்படங்களையும் களப்பணியையும் கொண்டு அவர் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். ஒன்று, அந்நகரின் மையம் பாகெங் குன்று என்பது. மற்றொன்று, அதைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 கி.மீ. நீளமுள்ள சதுரமான அகழி இருந்தது என்பது. முதல் முடிவு நிலைத்தது. இரண்டாவது முடிவும் பல பத்தாண்டுகள் பாடநூல்களில் வரைபடமாக வலம்வந்தது. 2000இல் கிறிஸ்தோஃப் பொத்தியே அத்தடங்களை மீண்டும் ஆராய்ந்து, அப்படிப்பட்ட சதுர நகர எல்லைக்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார்.

கொலூபெவ் திறமையற்றவர் அல்லர். சில பக்கங்களில் கரை தெரிந்தது. மீதியை மனம் நிரப்பிக்கொண்டது. மனித மனத்துக்குச் சதுரமும் வட்டமும் பிடிக்கும். இன்றைய படங்கள் துல்லியமானவை என்பதால் இந்த ஆபத்து குறையவில்லை. பார்ப்பவரின் நம்பிக்கைதான் கூடியிருக்கிறது.

இதே ஆபத்து நம் பக்கத்திலும் உண்டு. அங்கோரைத் தமிழ் மன்னர் கட்டியதாக இணையத்தில் சுற்றும் பதிவுகள் பல. அங்கோரின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் உள்ளன. காம்போஜ மன்னர் முதலாம் இராசேந்திர சோழனின் நட்பை நாடித் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு கூறுகிறது. அது இரண்டு அரசுகளின் உறவுக்குச் சான்று, கோயிலைக் கட்டியவர் யார் என்பதற்குச் சான்று அல்ல. லைடார் படத்திலோ மொழியும் இல்லை, இனமும் இல்லை.

படம் சொல்லாதவை

முதலாவது, காலம். லைடார் படத்தில் 9ஆம் நூற்றாண்டுக் கரையும் 15ஆம் நூற்றாண்டுக் கரையும் ஒரே சாம்பல்நிறத்தில் கிடக்கும். அங்கோர் வாட் வளாகத்து மேடுகளில் மக்கள் வாழ்ந்தனரா என்பது, 2010 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளால்தான் உறுதியாயிற்று. எப்போது வாழ்ந்தனர் என்பதை 2019இல் வெளியான கதிரியக்கக் கரிமக் கணிப்புகள் கூறின. அவற்றின்படி, குடியிருப்பு இடையில் ஒருமுறை அற்றுப்போய், 14ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் தொடங்கி, 17 அல்லது 18ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. 1431இல் அங்கோர் திடீரென வீழ்ந்து வெறிச்சோடியது என்ற பழைய கதையை அசைத்தது ஒரு கைப்பிடிக் கரித்துண்டு.

இரண்டாவது, பயன். அங்கோர் வாட்டின் தெற்கே சுருள் வடிவ மண் அமைப்பு ஒன்று, 1,500 மீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் படத்தில் தெரிகிறது. அது எதற்காக என்பதற்கு உறுதியான விடை இல்லை. வடிவம் தெரிவதும் பொருள் தெரிவதும் வேறுவேறு.

மூன்றாவது, எண்ணிக்கை. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, 13ஆம் நூற்றாண்டில் அங்கோர்ப் பெரும்பகுதியில் 7 முதல் 9 இலட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என மதிப்பிட்டது. மேடுகளை எண்ணியதில் கருவிக்குப் பங்குண்டு. ஒரு வீட்டில் எத்தனை பேர், எத்தனை மேடுகளில் ஒரே காலத்தில் ஆள் இருந்தனர் என்பவை அனுமானங்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை. ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் ஒரு வரம்பாகச் சொன்னதே அதனால்தான். அதை எடுத்தெழுதுவோர்தான் "மதிப்பீடு" என்ற சொல்லை உதிர்த்துவிடுகின்றனர்.

இன்று அங்கே வாழ்பவர்கள்

"தொலைந்த", "காடு மூடிய" என்ற சொற்களில் இன்னொரு குறையும் உண்டு. அங்கோர் காலியான இடமன்று. 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதிக்குள் தலைமுறைகளாகக் கிராமங்கள் இருந்துவருகின்றன. பழைய கரைகளுக்கு நடுவே நெல் விளைகிறது. மேற்கு பராயின் நீர் இன்றும் வயலுக்குப் பாய்கிறது. 2022 முதல் ஏறத்தாழ 10,000 குடும்பங்களைப் பூங்காவுக்கு வெளியே குடியமர்த்தும் பணியைக் கம்போடிய அரசு விரைவுபடுத்தியது. மக்கள் தம் விருப்பப்படி செல்வதாக அரசு கூறியது. அவர்கள் வற்புறுத்தப்பட்டதாக ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2023இல் அறிக்கை வெளியிட்டது.

லைடார் இதற்குக் காரணம் அல்ல. ஆனால் மரங்களை நீக்கும் அதே கணிப்பு, இன்று நிற்கும் வீடுகளையும் படத்திலிருந்து நீக்குகிறது. அந்தப் படத்தை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு, அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள் பழங்காலத்தவர் மட்டுமே என்று தோன்றிவிடும்.

மதிப்பீடு

அங்கோர் லைடார் ஆய்வுகள் தரமானவை. கல்லிலிருந்து மண்ணுக்கும், மன்னரிடமிருந்து குடிகளுக்கும் ஆய்வின் கவனத்தை அவை திருப்பின. இங்கே குறை சொல்லப்பட்டது அவற்றைப் பற்றிய பேச்சையே. வானிலிருந்து எடுத்த எந்தத் தொல்லியல் படத்தைக் கண்டாலும் மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இதில் அளந்தது எது, ஊகித்தது எது? தரையில் சென்று யார் சரிபார்த்தார்கள்? அங்கே முன்பே யார் இருந்தார்கள், இன்று யார் இருக்கிறார்கள்? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் கட்டுரையை நம்பிப் படிக்கலாம். விடை சொல்லாத செய்தியில் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைப்பை விட்டுவிடுவது நல்லது.