இறக்கிய வண்டியின் உள்விளிம்பு

பஞ்சர் கடையில் கழற்றிப் போட்ட டயரைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வெளிப்பக்கத்தில் பட்டன் ஆழமாகவே இருந்தது. உள்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் அறவே போய்க் கம்பி எட்டிப் பார்த்தது. என் அக்கா மகனின் ஸ்விஃப்ட் அது. ஸ்பிரிங் மாற்றி வண்டியை ஐந்து சென்டிமீட்டர் இறக்கி எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. “இறக்குனா கேம்பர் சாய்ஞ்சிரும் மாமா, டயர் திங்கத்தான் செய்யும்” என்றான். இறக்கிய வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் சொல்லும் காரணம் இது. இதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பியே டயருக்குமேல் டயராக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உள்விளிம்பு நின்று பார்ப்பவர் கண்ணில் படாது என்பதால், கம்பி தெரியும் டயரோடு நெடுஞ்சாலையில் நூறில் போகிறவர்களும் உண்டு. எனக்குக் கவலை அங்கேதான்.

நம் ஊர்ச் சின்னக் கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்தான். சக்கரத்தைக் கீழே லோயர் ஆர்ம் பிடித்திருக்கும். திருப்புவதற்கு டை ராட் தனியாக வந்து சேரும். இரண்டும் கதவு கீலில் சுழல்வதுபோல வளைந்த பாதையில் மேலும் கீழும் போய்வரும். நீளமும் கீல் இருக்கும் இடமும் வேறாக இருப்பதால் அந்த இரண்டு வளைவுகளும் முழுக்க ஒன்றல்ல. வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தை ஒட்டி அவை இணைந்து போகும்படி வடிவமைத்திருப்பார்கள். வண்டியை இறக்கினால் இணைப்பு குலைகிறது. சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்வது கேம்பர். அது கண்ணுக்குத் தெரியும். அதோடு சேர்ந்து சக்கரம் நேர்த்திசையிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பிக்கொள்கிறது. அது டோ. ஸ்டியரிங் ராக் சக்கர மையத்துக்குப் பின்னால் இருக்கும் கார்களில் பெரும்பாலும் வெளியே திரும்பும். இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு சக்கரமும் கால் டிகிரி மட்டும் திரும்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது டயர் 4.4 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 44 கிலோமீட்டர். ரப்பரைத் தார்ச்சாலையில் வைத்து அத்தனை தூரம் தேய்ப்பதுபோலத்தான். கேம்பர் செய்வது, அந்தத் தேய்ப்பு முழுவதையும் உள்விளிம்பின் தலையில் ஏற்றுவது. டோ சரியாக இருந்தால், ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி கேம்பரோடு டயர் நெடுநாள் ஓடும். உள்பக்கம் கொஞ்சம் முன்னதாகத் தேயும், அவ்வளவுதான். டோ கெட்டிருந்தால் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகவும் உறுத்தும். அக்கா மகனின் டயர் ரம்பமாகத்தான் இருந்தது.

இறக்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. திருப்பத்தில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவைப் பொறுத்தது. அந்த உயரம் 550 மில்லிமீட்டர் என்று கொண்டால், 30 மில்லிமீட்டர் இறக்கும்போது மாறும் பாரம் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் குறைகிறது. அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் போட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் வண்டி தயங்காமல் திரும்புவதை ஓட்டுகிறவர் உணரலாம். அழகும் பொய்யில்லை. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம் குறைந்தாலே கார் தரையில் ஊன்றி நிற்பதுபோலத் தெரிகிறது. எனக்கும் பிடிக்கும்.

ஆனால் ஐந்து சதவீதம் கிடைத்தால் பத்தும் கிடைக்கும் என்று இன்னும் இறக்கும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது. இது பலருக்குத் தெரியாத இடம் என்பதால் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். வண்டியின் உடல் திருப்பத்தில் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது என்பதை லோயர் ஆர்மின் சரிவு தீர்மானிக்கிறது. ஆர்ம் உள்ளிருந்து சக்கரத்தை நோக்கிக் கீழே சரிந்திருப்பதே அதன் இயல்பு. வண்டியை அதிகம் இறக்கினால் அது கிடைமட்டத்தைத் தாண்டிச் சக்கரப் பக்கம் மேலேறிவிடும். அப்போது சாயும் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டுவிடுகிறது. உயரம் குறைந்த வண்டி, முன்பைவிட அதிகமாகச் சாயத் துடிக்கும் வண்டியாகிறது. அதை அடக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். விறைப்பு கூடக் கூட, மேடுபள்ளமான சாலையில் சக்கரம் தரையை விட்டு எழும்பும். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக் கரி பந்தயத் தடத்தில் ஓட்டத்துக்கு ஓட்டம் அலைன்மென்ட் பார்க்கலாம், டயரைச் செலவுப் பொருளாகவே எண்ணலாம், ஆர்மின் சரிவைத் திருத்த நீளமான பால் ஜாயிண்ட் போடலாம். அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் அந்த உயரத்தை மட்டும் ஊர்ச்சாலைக்குக் கொண்டுவருகிறோம்.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மிச்சமிருப்பது 20 சதவீதம் விறைப்பாகும். ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கானது, அடக்க முடியாது. வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது. காய்ச்சி இறக்கினால் எஃகின் பதமே போய்விடும். இதைச் செய்யக் கூடாது.

சாலையைக் கணக்கில் எடுக்காமல் இந்தப் பேச்சு முடியாது. இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஸ்விஃப்டின் முன்பின் சக்கர இடைவெளி 2.45 மீட்டர், தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். விதிப்படியான தடையில் நான்கு சக்கரமும் மேட்டின்மேலேயே ஏறி இறங்குவதால், நடுவயிற்றை நோக்கி வருவது 44 மில்லிமீட்டர் மட்டுமே. ஐந்து சென்டிமீட்டர் இறக்கிய வண்டியும் தாராளமாகக் கடக்கும். ஆனால் நம் தெருக்களில் எத்தனை தடை அந்த அகலத்தில் இருக்கிறது? அதே உயரத்தை ஒரு மீட்டர் அகலத்தில் கொட்டி வைத்தால் 10 சென்டிமீட்டரும் வயிற்றுக்கே வரும். மிச்சம் 13 மில்லிமீட்டர். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் அதுவும் இல்லை. அடி தட்டுவது ஒரு பக்கம். பம்ப் ஸ்டாப்பில் ஓயாமல் மோதி ஷாக் அப்சார்பரும் மவுண்ட்டும் சீக்கிரம் போவது இன்னொரு பக்கம்.

என் வருத்தம் இறக்குகிறவர்களைவிட, இறக்கியபின் செய்ய வேண்டியதைச் செய்யாத கடைகள்மீதுதான். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடிப் படிந்தபிறகு அலைன்மென்ட் மறுபடி பார்க்க வேண்டும். வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கிய அன்றே பார்த்துப் பணம் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். லோயர் ஆர்ம் புஷ்ஷின் ரப்பர் பழைய உயரத்தில் இறுக்கியது. போல்ட்டைத் தளர்த்தி, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது திரும்ப இறுக்காவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். பத்து நிமிட வேலை. இதைக் கேட்டுச் செய்யவைத்தவர்களை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

அக்கா மகன் ஐந்து சென்டிமீட்டர் ஸ்பிரிங்கைக் கழற்றி மூன்றுக்கு மாறினான். புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி இறுக்கி, இரண்டு வாரம் ஓட்டிவிட்டு, முன்சீட்டில் ஆளை உட்காரவைத்து அலைன்மென்ட் பார்த்தோம். மெஷின் கொடுத்த தாளில் முன்சக்கரக் கேம்பர் இன்னும் சிவப்பில்தான் இருந்தது; டோ பச்சைக்கு வந்திருந்தது. கடைக்காரர் சிவப்பைக் காட்டி மன்னிப்புக் கேட்கும் குரலில் ஏதோ சொல்ல வந்தார். பச்சையைக் காட்டி, இது போதும் அண்ணே என்றேன். மாதம் ஒருமுறை ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்து, முன்டயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்க்கிறான்.