நிலத்திடம் கேள்வி கேட்பது எப்படி?

இளநிலைப் பட்டப் படிப்பின் இறுதியாண்டில் ஆய்வுத்திட்டம் ஒன்றைச் செய்து அறிக்கை அளிக்க வேண்டும் என்பது இன்று பல கல்லூரிகளில் விதியாகிவிட்டது. கிராமப்புற மாணவர்கள் பலர் இதற்கு வேளாண்மை சார்ந்த தலைப்பையே விரும்புகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் வயலில் இறங்குமுன் சிந்திக்க வேண்டியவற்றை, அறுவடைக்குப் பின் சிந்திக்கத் தொடங்குவதுதான் நம்மிடையே உள்ள பெருங்குறை. இக்குறையைத் தீர்க்கக்கூடிய பழைய நூல் ஒன்று உண்டு. ரொனால்டு ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர் 1935-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சோதனைகளின் வடிவமைப்பு' என்பதே அது. இந்நூல் கீழ்பென்னாத்தூர் போன்ற ஊரின் மாணவருக்கு எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்று பார்ப்போமா?

நூல் பிறந்த கதை

இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843 முதல் ஒரே வயலில் கோதுமையைப் பயிரிட்டு, பல்வகை உரங்களின் பயனை ஆராய்ந்து வந்தனர். ஒவ்வோர் உரத்திற்கும் ஒரு நீண்ட பட்டையான நிலம். ஒரு பட்டையில் விளைச்சல் மிகுந்தால் அது உரத்தின் பயனா, அல்லது அந்தப் பட்டையின் மண்ணே வளமானதா? பிரித்தறிய வழியில்லை. சேர்ந்து கிடந்த கணக்குகளை ஆராய 1919-இல் அங்குப் பணியில் சேர்ந்தார் ஃபிஷர். எவ்வளவு கணக்குப் போட்டாலும், தவறாக அமைத்த சோதனையிலிருந்து சரியான விடையைப் பிழிந்தெடுக்க முடியாது என்பதே அவருடைய நூலின் சாரம்.

நூலின் இரண்டாம் அத்தியாயம் ஒரு தேநீர்க் கோப்பையில் தொடங்குகிறது. கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா, தேநீரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிட முடியும் என்கிறார் ஒரு பெண்மணி. நான்கு கோப்பைகள் ஒருவகை, நான்கு மறுவகை என எட்டுக் கோப்பைகளைக் குலுக்கல் முறையில் வரிசை மாற்றிக் கொடுக்கிறார்கள். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உள்ளன. ஆகவே, ஒன்றும் தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னாலும் 70-இல் ஒரு முறை முழுவதும் சரியாக அமைந்துவிடும். இதில் வியப்பு என்னவென்றால், அப்பெண்மணி வென்றாரா தோற்றாரா என்பதை நூல் சொல்வதே இல்லை! விடை வருமுன்பே, எந்த விடைக்கு என்ன பொருள் என்பதை முடிவு செய்துவிட வேண்டும் என்பதே ஃபிஷர் புகட்டும் பாடம்.

நம் ஊர் வயலில்

இப்பாடத்தை நம் மண்ணில் பொருத்திப் பார்ப்போம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் செல்லும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் மணிலாவும் இப்பகுதியின் முக்கியப் பயிர்கள். மணிலா என்பது வேறொன்றுமன்று, நிலக்கடலைதான். இதே சாலையின் மறுமுனையில் உள்ள திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2 (1940), டி.எம்.வி. 7 (1967) ஆகிய இரகங்கள் நம் உழவர்களுக்கு நன்கு அறிமுகமானவை.

மணிலாவுக்கு எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பது வேளாண் துறையின் பரிந்துரை. எதற்காக? மணிலாவின் பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது; பிறகு அதன் காம்பு ஊசிபோல நீண்டு மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது. வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோடு சேர்ந்து இலைகளுக்கு ஏறிவிடும். இலையிலிருந்து கீழிறங்கிக் காயை அடைவது மிகக் குறைவு. ஆகவே, காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராகப் பெற வேண்டும். கிடைக்காவிட்டால் பொக்குக்காய்கள் மிகுகின்றன. ஜிப்சம் கால்சியத்தையும் கந்தகத்தையும் ஒருங்கே தருகிறது.

'மணிலா விளைச்சலில் ஜிப்சத்தின் விளைவு' என்று தலைப்பிட்டால் அது ஆய்வு வினா ஆகாது. நூலக அட்டைக்குத்தான் பொருந்தும். 'இந்த நிலத்தில், இந்தப் பட்டத்தில், ஜிப்சம் இட்ட பாத்தியில் நூறு காய்களுக்குப் பொக்கு எத்தனை குறைகிறது?' என்பது வினா. நிலத்தால் விடை சொல்லக்கூடிய வினா. மண்ணில் கால்சியம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் ஜிப்சம் காய்ப்பிடிப்பில் வேறுபாடு எதையும் காட்டாமல் போகலாம். எனவே விதைக்குமுன் மண் பரிசோதனை கட்டாயம்.

மூன்று தடவை எடை போட்டால் போதுமா?

இயற்பியல் சோதனைச் சாலையில் ஊசலின் அலைவு நேரத்தை மூன்று முறை அளந்து சராசரி எடுக்கிறோம். இப்பழக்கத்தை அப்படியே வயலுக்குக் கொண்டு செல்லும் மாணவர், ஜிப்சம் இட்ட ஒரு பாத்தி, இடாத ஒரு பாத்தி என இரண்டே பாத்திகளை அமைத்து, விளைச்சலை மூன்று முறை எடை போடுகிறார். 'மூன்று அளவீடுகளின் சராசரி' என்று அறிக்கையிலும் எழுதிவிடுகிறார். இதனால் தராசின் பிழை குறையலாம். நிலத்தின் பிழை ஓர் அணுவும் குறையாது. ஒரு மூலையில் சென்ற ஆண்டு குப்பைமேடு இருந்திருக்கும். வேறோரிடத்தில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். வாய்க்கால் ஓரம் ஈரம் மிகுதி. வேப்பமரத்தடியில் வெயில் குறைவு. வயலில் பிழையின் பெரும்பகுதி மண்ணில் உறைகிறது. அதைக் குறைக்க வேண்டுமானால் பாத்திகளின் எண்ணிக்கையைத்தான் பெருக்க வேண்டும்.

ஃபிஷரின் வழி இதுதான். அருகருகே உள்ள இரண்டிரண்டு பாத்திகளை இணையாக்குங்கள். ஒவ்வோர் இணையிலும் எந்தப் பாத்திக்கு ஜிப்சம் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். உங்கள் கண்ணுக்கு 'நல்ல பாத்தி' எனத் தோன்றுவதற்கு ஜிப்சம் இட்டுவிட்டால், நீங்கள் அறியாமலே விடையை எழுதி வைத்துவிட்டீர்கள் என்று பொருள். டார்வின் கூட இதில் தப்பவில்லை. மக்காச்சோளத்தில் அயல் மகரந்தச் சேர்க்கையால் பிறந்த செடிகளையும் தன் மகரந்தச் சேர்க்கையால் பிறந்தவற்றையும் 15 இணைகளாக வளர்த்து அவர் ஒப்பிட்டார். இணைத்தது சிறப்பு, ஆனால் குலுக்கல் இல்லை என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஃபிஷர் எடுத்துக் காட்டுகிறார்.

எத்தனை இணைகள் வேண்டும்? நீங்களே கணக்கிடலாம். ஜிப்சம் முற்றிலும் பயனற்றது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓர் இணையில் ஜிப்சப் பாத்தி முந்துவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. மூன்று இணைகளிலும் முந்த எட்டில் ஒன்று. அதாவது மூன்று இணைகள் மட்டும் அமைத்து, மூன்றிலும் வென்றாலும், அது தற்செயலாக இருக்கலாம்! ஐந்து இணைகளிலும் வென்றால் 32-இல் ஒன்று. 20-இல் ஒன்றுக்குக் குறைவான வாய்ப்பையே பொருட்படுத்தத்தக்கது எனக் கொள்வது ஆய்வாளர் வழக்கம். எட்டு இணைகள் அமைத்தால், ஓர் இணை மாறாகப் போனாலும் கவலையில்லை. எட்டில் ஏழோ எட்டோ தற்செயலாக வெல்லும் வாய்ப்பு 256-இல் 9, ஏறத்தாழ 28-இல் ஒன்றுதான்.

எட்டு இணைகள் என்றால் 16 பாத்திகள். பாத்தி 5 மீட்டருக்கு 4 மீட்டர் எனில் மொத்தம் 320 சதுர மீட்டர். வரப்பு நீங்கலாக எட்டு சென்ட் நிலமே போதும். பாத்திக்கு 800 கிராம் வீதம் எட்டுப் பாத்திகளுக்கு வேண்டிய ஜிப்சம் 6.4 கிலோ. அறுவடையின்போது ஓரத்தில் அரை மீட்டரை நான்கு பக்கமும் விலக்கிவிடுங்கள்; பக்கத்துப் பாத்தியின் ஜிப்சம் அங்குக் கலந்திருக்கக்கூடும். அதன்பின் எஞ்சுவது 12 சதுர மீட்டர். காய்களை எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தியே நிறுக்க வேண்டும். பொக்கு எண்ணும் தோழருக்கு எது ஜிப்சப் பாத்தியின் காய் என்று தெரியக் கூடாது. பைகளில் எண் மட்டும் இருக்கட்டும்.

நூல் சொல்லாதவை

இனி குறைகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, இந்நூலின் நடை எளிதன்று. தேநீர் அத்தியாயத்தைத் தாண்டியதும் இலத்தீன் சதுரம் முதலிய அமைப்புகளில் புகும்போது தொடக்க மாணவர் திணறிப் போவார். நம் நாட்டின் பான்சேயும் சுகாத்மேயும் வேளாண் பணியாளர்களுக்கென்றே எழுதி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1954-இல் வெளியிட்ட புள்ளியியல் நூலைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, எவ்வளவு பெரிய வேறுபாடு நமக்குத் தேவை என்ற வினாவுக்கு நூல் உரிய இடம் தரவில்லை. தற்செயலன்று என்று நிறுவப்பட்ட வேறுபாடும் உழவருக்குப் பயனற்றதாக இருக்கலாம். கூடுதல் விளைச்சலின் மதிப்பு ஜிப்சத்தின் விலையையும் இடும் கூலியையும் தாண்ட வேண்டும். அந்த எல்லையை விதைக்குமுன்பே எழுதி வையுங்கள்.

மூன்றாவது குறையே பெரியது. ஃபிஷரின் நூலில் நிலத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. ராதம்ஸ்டெட்டில் நிலமும் ஆராய்ச்சி நிலையத்தினுடையதே. நமக்கோ எட்டு சென்ட் நிலமும் யாரோ ஒருவருடைய பிழைப்பு. 'பாதிப் பாத்திகளுக்கு ஜிப்சம் போடாதீர்கள்' என்று கேட்கும்போது, அதனால் வரக்கூடிய இழப்பையும் அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகே முளைக்குச்சி அடிக்க வேண்டும். நிலத்தின் வரலாறு அவருக்குத்தான் தெரியும். குப்பைமேடு எங்கே இருந்தது என்று எந்தப் புள்ளியியல் நூலும் சொல்லாது.

காலத்தையும் மறந்துவிடாதீர்கள். மணிலா இரகங்கள் பலவற்றுக்கு வயது ஏறத்தாழ 105 நாள். மார்கழிப் பட்டத்தில், சனவரி முதல் வாரம் விதைத்தால் அறுவடை ஏப்ரல் நடுவில் வரும். பல்கலைக்கழகத் தேர்வும் பெரும்பாலும் அப்போதே வரும்! ஆகவே வினா, நிலம், மண் பரிசோதனை, பாத்தி வரைபடம் ஆகிய அனைத்தும் முந்திய பருவத்திலேயே முடிந்திருக்க வேண்டும். காலம் தவறிவிட்டால் விளைச்சல் ஆய்வைக் கைவிட்டு, விதை முளைப்புத்திறன் போன்ற சிறு வினாவைத் தேர்ந்தெடுங்கள். சிறியது என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது.

இத்தனையும் செய்த பின், வேறுபாடு இல்லை என்று நிலம் விடை சொன்னால்? அப்படியே எழுதுங்கள்; ஒரு நிலத்தில் ஒரு பட்டத்தில் கண்ட விடை இது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண்ணுக்காக எண்களைத் திருத்தினால் அந்த அறிக்கை கல்லூரி அலமாரியில் மட்டும் உறங்காது. 'காலேஜ் பிள்ளைங்க சோதிச்சுப் பார்த்தாங்களாம்' என்று ஒருவர் சொல்ல, அதை நம்பி இன்னொருவர் அடுத்த பட்டத்தில் தம் காசைச் செலவிடுவார். அவருக்கு வரும் இழப்புக்குப் பொறுப்பு அறிக்கை எழுதியவருடையதே. எனவே ஃபிஷரின் முதல் மூன்று அத்தியாயங்களைப் படியுங்கள், நிலக்காரரிடம் பேசுங்கள், அதன் பிறகு காசைச் சுண்டுங்கள்.