நான்கு மணிப் பேருந்தும் மாணவர் மன்றங்களும்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கும் துடிப்பான ஒரு மாணவியின் வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் மதியம் துறை மன்றக் கூட்டம். செவ்வாய், கோடிங் கிளப்பில் ஜூனியர்களுக்கு வகுப்பு. புதன் முழுக்க வேறொரு கல்லூரியில் சிம்போசியம், அதற்கான ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் வகுப்பு ஆசிரியரிடமும் துறைத் தலைவரிடமும் கையெழுத்து வாங்க முந்தைய நாளே வராந்தாவில் காத்துக் கிடந்திருப்பார். வியாழன் நடனக் குழுவின் ஒத்திகை. வெள்ளி, ஸ்பான்சர் கேட்டு அண்ணா நகரில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். நடுநடுவே நாலைந்து வாட்ஸப் குழுக்கள், இரவோடு இரவாக முடிக்க வேண்டிய போஸ்டர், யாரோ சொதப்பியதால் தன் தலையில் விழுந்த வேலை. இன்டர்னல் தேர்வுக்குப் படிப்பதெல்லாம் பேருந்தில்தான்.

“படிக்க அனுப்பினோமா, ஊர் சுத்த அனுப்பினோமா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் பேச்சு பெரும்பாலும் அதே தடத்தில்தான் ஓடும்: வருகைப்பதிவு எவ்வளவு, அரியர் எத்தனை. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் துறை மன்றத்துக்குப் பொறுப்பாசிரியராகப் பல காலம் இருந்தவன் என்ற முறையில், அதைவிட முக்கியமான இரண்டு கேள்விகள் விடுபட்டுப் போவதாக எனக்குப் படுகிறது. இத்தனை ஓட்டத்தில் அந்த மாணவியின் கையில் ஏதாவது ஒரு முடிவு இருக்கிறதா? அவர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வகுப்பின் மற்ற பிள்ளைகள் எங்கே போனார்கள்?

முடிவு என்று நான் சொல்வது எதை என்பதற்கு ஒரு சிம்போசியத்தின் மதிய வேளை போதும். சாப்பாட்டு டோக்கன் முந்நூறு அடித்திருப்பார்கள். ஸ்பாட் ரிஜிஸ்ட்ரேஷனில் எதிர்பாராத கூட்டம் சேர்ந்திருக்கும். பதினொன்றரை மணிக்குக் கேட்டரிங்காரர், “இன்னும் அம்பது சாப்பாடுன்னா இப்பவே சொல்லுங்க, அப்புறம் முடியாது” என்பார். கூடுதல் பணத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது? பரிசுத் தொகையைக் குறைப்பதா, வாலண்டியர்களைக் கேண்டீனுக்கு அனுப்புவதா, சிறப்பு விருந்தினருக்கு வாங்கவிருந்த நினைவுப் பரிசை விலை குறைந்ததாக மாற்றுவதா? பத்தொன்பது வயதுப் பொருளாளர் ஒருவர் பத்து நிமிடத்தில் முடிவு செய்தாக வேண்டும். தப்பானால் மாலையில் அத்தனை பேரும் அவரைத்தான் கேட்பார்கள். இந்தப் பாடம் எந்த யூனிட்டிலும் கிடையாது. தேர்வில் தவறான விடை எழுதினால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். இங்கே தவறினால் வெளியூரிலிருந்து வந்த ஐம்பது பேர் பசியோடு நிற்பார்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் இப்படியொரு மதியத்துக்குப் பிறகு நிமிர்ந்து பேசுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மன்ற வேலையை நேர விரயம் என்று ஒதுக்குபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடிவதில்லை.

அறிமுகங்களால் வரும் பயனும் சிறியதல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, நெருங்கிய நண்பர்களைவிட லேசாகப் பழகியவர்கள் வழியாகத்தான் புதிய செய்திகளும் வாய்ப்புகளும் அதிகம் வருகின்றன என்று வாதிட்டது. நம் வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும் என்பது அவருடைய தர்க்கம். மெக்கானிக்கல் மாணவருக்கு பயோடெக் சீனியர் ஒருவர் அறிமுகமாவது நாடகக் குழுவில்தான். வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைக்கு இன்டர்ன்ஷிப் என்றால் என்ன, கேட் தேர்வுக்கு எப்போது தயாராவது என்று சொல்ல மாமாவோ அத்தையோ இருக்க மாட்டார்கள். அந்த இடத்தை நிரப்புவது அப்படிப்பட்ட ஒரு சீனியர்.

இந்த நன்மைகளெல்லாம் பொறுப்பு உண்மையானதாக இருக்கும்வரைதான். உயர்கல்வி ஆய்வாளர் அலெக்ஸாண்டர் ஆஸ்டின் 1984-இல் முன்வைத்த மாணவர் ஈடுபாட்டுக் கோட்பாடு, ஈடுபாட்டின் அளவோடு அதன் தரத்தையும் சேர்த்தே கணக்கில் எடுத்தது. நம் கல்லூரிகளில் தரம் எங்கே அடிபடுகிறது என்றால், முடிவெடுக்கும் அதிகாரம் மாணவரிடமிருந்து கைமாறிய இடத்தில். தேதி நிர்வாகம் குறிக்கிறது. சிறப்பு விருந்தினர் யார் என்பது தாளாளர் அறையில் தீர்மானமாகிறது. மாணவர்களுக்கு மிஞ்சுவது நாற்காலி போடுவது, பொன்னாடையும் பூங்கொத்தும் வாங்கி வருவது, ஃப்ளெக்ஸ் கட்டுவது, அரங்கம் காலியாகத் தெரியாமல் ஜூனியர்களைக் கொண்டுவந்து உட்கார வைப்பது. மூன்று நாள் தூக்கம் கெட்டு உழைத்த பிள்ளைகள், நிகழ்ச்சிக்கு மொத்தம் எவ்வளவு செலவானது என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்குப் போகிறார்கள்.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை. 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைத் தெருவில் நின்று நடத்தியவர்கள் இதே மாநிலத்தின் கல்லூரி மாணவர்கள். பிற்காலத்தில் மாணவர் தேர்தல் என்றாலே அடிதடி என்ற அச்சம் பரவியது. அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த லிங்டோ குழு 2006-இல் அறிக்கை தந்தபோது அந்த அச்சத்தை மதித்தே நிபந்தனைகள் வகுத்தது: வேட்பாளருக்கு 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும், அந்த ஆண்டில் அரியர் கூடாது, தேர்தல் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. சூழல் சரியில்லாத இடங்களில் நியமன முறை இருக்கலாம் என்றும் அது இடம் கொடுத்தது. கூடவே, அது தற்காலிக ஏற்பாடுதான், ஐந்து ஆண்டுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும் என்றும் சொன்னது. அந்தக் கெடு முடிந்து பல ஆண்டுகள் ஆகியும், தனியார் கல்லூரிகள் பலவற்றில் மன்றச் செயலாளரைத் துறைத் தலைவரே மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். தேர்ந்தெடுத்தவரிடம் அந்த மாணவர் எதை மறுத்துப் பேசுவார்?

அதிகாரம் போன இடத்தில் புள்ளிக் கணக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு 100 செயல்பாட்டுப் புள்ளிகள் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. கொண்டுவந்த திட்டம். சமூகப் பணியில் மாணவர் இறங்க வேண்டும் என்ற அதன் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், மரம் நட்டது, ரத்த தானம், வெபினார் எல்லாம் ஒரே எடையில் சான்றிதழாகி ஃபைலில் சேருகின்றன. பங்கேற்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் அரங்கத்தின் பின்வரிசைகள் காலியாவதைப் பார்த்த எந்த ஆசிரியரும் இதை மறுக்க மாட்டார். ரெஸ்யூமேயில் ஐந்து கிளப்பின் பெயர் இருக்கும். எந்த ஒன்றிலும் தொடங்கியதை முடித்த அனுபவம் இருக்காது. ஒரே கிளப்பில் இரண்டு ஆண்டு இருந்து, ஒரு நிகழ்ச்சி தோற்று, அடுத்த ஆண்டு அதையே சரியாக நடத்திய மாணவருக்குக் கிடைக்கும் படிப்பினையை இந்தக் கணக்கால் அளக்க முடியாது.

படிப்பு கெடுமா என்ற பெற்றோரின் கவலைக்கு வருகிறேன். கெடும், சிலருக்கு. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்வெழுத 75 விழுக்காடு வருகைப்பதிவு வேண்டும். மருத்துவக் காரணம், விளையாட்டுப் போட்டி போன்றவற்றுக்கு 65 வரை விலக்கு உண்டு. ஓ.டி. கொடுத்தால் வருகைப்பதிவு காப்பாற்றப்படும், ஆனால் அந்த வகுப்பில் நடந்த பாடம் திரும்பி வராது. ஓ.டி.யில் போனவருக்கு விட்டதைச் சொல்லிக்கொடுக்க எங்கும் ஏற்பாடு இல்லை என்பது கல்லூரியின் தவறு, மாணவரின் தவறு இல்லை. அதைவிட என்னை உறுத்துவது, “முடியாது” என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள்மேல் எல்லா வேலையும் வந்து குவிவது. நூறு பேரைத் தெரிந்த அவர்களுக்கு, காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வாங்கி வந்து கொடுக்க ஒருவர் இருப்பாரா என்பது சந்தேகம். குழு எண்ணிக்கை கூடக்கூட மனம்விட்டுப் பேசும் நேரம் குறைகிறது.

மன்றத்துக்குள்ளேயே இன்னொரு ஏற்றத்தாழ்வும் இருக்கிறது. எந்தக் கல்லூரி விழாவிலும் வாசலைப் பாருங்கள். பட்டுப்புடவை கட்டிப் பன்னீர் தெளித்து வரவேற்பவர்கள் மாணவிகள். கோலம், குத்துவிளக்கு, ரிஜிஸ்ட்ரேஷன் மேசை, தொகுத்து வழங்குவது எல்லாம் அவர்கள். ஸ்பான்சரைப் பார்ப்பது, ஒலி ஒளிக்காரரிடம் பேரம் பேசுவது, பணத்தைக் கையாள்வது பெரும்பாலும் மாணவர்கள். உழைப்பு இருவருக்கும் சமம். பேரம் பேசவும் கணக்குப் பார்க்கவும் பழகுவது ஒரு பாதி மட்டும். விடுதிக் கதவு சீக்கிரம் அடைபடுவதால், முக்கிய முடிவுகள் எடுக்கப்படும் இரவுக் கூட்டங்களில் மாணவிகள் இருப்பதே இல்லை. 2015-இல் டெல்லியில் எழுந்த பிஞ்ச்ரா தோட் இயக்கம் இந்த விடுதி நேரக் கட்டுப்பாட்டைத்தான் எதிர்த்தது. நம் ஊரில் அதைப் பாதுகாப்புப் பிரச்சினையாக மட்டுமே பேசுகிறோம். கல்லூரியில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு யாருக்கு எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்ற கோணத்திலும் பேசியாக வேண்டும்.

இனி, மன்றத்துக்கே வர முடியாதவர்கள். நாம் பார்த்து ஆசைப்படும் மாணவர் விழாக்கள் எல்லாம் மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிக்கும் வளாகங்களில் வளர்ந்தவை. திருச்சி என்.ஐ.டி.யின் ஃபெஸ்டெம்பர் 1975-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங், 1996-க்கு முன் மார்டி கிரா என்ற பெயரில் நடந்துவந்தது. இந்த இடங்களில் வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்கள் வளாகத்துக்குள்தான் இருக்கிறார்கள். இதே மாதிரியை, மாணவர்களில் பெரும்பகுதி கல்லூரிப் பேருந்தில் வந்து போகும் புறநகர்க் கல்லூரியில் அப்படியே பெயர்த்து நட்டால் என்ன ஆகும்? நான்கு மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும். கிளப் கூட்டம் நாலரைக்கு. திருவள்ளூரிலிருந்தோ செங்கல்பட்டிலிருந்தோ வரும் பிள்ளை அந்தப் பேருந்தை விட்டால் வீடு சேர எட்டரை ஆகும். மாலையில் கடையில் வேலை பார்த்து வீட்டுக்குப் பணம் கொடுக்கும் மாணவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

பேருந்தைத் தாண்டி வந்தாலும் இன்டர்வியூ என்ற வாசல் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களைக் கிளப்பில் சேர்க்க மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் நேர்காணல் வைக்கிறார்கள். தெளிவாகச் சிந்திக்கும் பிள்ளை, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னதும் திக்கித் திணறி வெளியே வருகிறது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வழியில் கல்லூரிக்குள் வந்த பிள்ளையை, சரளமாகப் பேசக் கற்றுத்தர வேண்டிய கிளப்பே, சரளமாகப் பேசவில்லை என்று திருப்பி அனுப்புகிறது. ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு மட்டும் நீச்சல் கற்றுத்தரும் குளம் போன்றது இது. எனக்கு உண்மையாகவே கோபம் வரும் இடம் இதுதான்.

இதற்கு நேர் எதிரான முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர இன்டர்வியூ கிடையாது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்து, அடிகுழாயில் குளித்து, விறகடுப்பில் ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கும் அந்த ஏழு நாளில் ஆங்கிலம் தெரிந்தவருக்குத் தனி மரியாதை இல்லை. ஊர்ப் பெரியவரிடம் பேசி வாய்க்கால் தூர்வார ஆள் சேர்க்கத் தெரிந்த கிராமத்துப் பிள்ளைதான் அங்கே தலைவர். குறைகள் இதிலும் உண்டு. ஒருநாள் துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு அறிக்கை அனுப்பும் அலகுகளும் இருக்கின்றன. திட்ட அலுவலர் சோம்பினால் முகாமே சடங்காகிவிடும். ஆனாலும் யார் வேண்டுமானாலும் வரலாம், வந்தால் உண்மையான வேலை உண்டு என்ற இரண்டும் அதன் அமைப்பிலேயே இருக்கின்றன.

கிளப்புகளுக்கும் இதைக் கொண்டுவர முடியும். வாரத்தில் இரண்டு பீரியட், பேருந்து கிளம்பும் முன், கால அட்டவணைக்குள்ளேயே மன்ற நேரமாக இருக்கட்டும். முதலாண்டு மாணவர்களை நேர்காணல் இல்லாமல் சேர்த்து, ஒரு பருவம் வேலை கொடுத்துப் பார்த்துவிட்டுப் பொறுப்பைப் பிரிக்கலாம். பொருளாளர் பதவி ஓர் ஆண்டு மாணவருக்கு, மறு ஆண்டு மாணவிக்கு. ஒருவர் இரண்டு மன்றத்துக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது. செயலாளரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

சிலபஸ் முடிக்கவே நேரம் போதவில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். பிளேஸ்மென்ட் பயிற்சிக்காக ஆப்டிட்யூட் வகுப்பைக் கால அட்டவணையில் நுழைக்க வேண்டியிருந்தபோதும் இதையேதான் சொன்னோம். பிறகு நேரம் கிடைத்தது. எல்லாத் துறையிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு துறையில், புதன்கிழமை கடைசி இரண்டு பீரியடில் தொடங்கலாம். முதல் கூட்டத்திலேயே, மன்றக் கட்டணமாக வசூலானது எவ்வளவு, செலவு போக மிச்சம் எவ்வளவு என்ற கணக்குத் தாளை மாணவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். இந்த ஆண்டு என்ன நடத்துவது என்ற பேச்சை அவர்கள் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.