சொலவடையும் சூழலும்: பழமொழித் தொகுப்புமுறை குறித்த ஒரு மதிப்பீடு

முதுமொழிக்கு நுண்மை, சுருக்கம் முதலியவற்றை இலக்கணமாகக் கூறும் தொல்காப்பியச் செய்யுளியல், கருதிய பொருளை நிறுவும் காரணமாக அது வருவதையும் சுட்டுகிறது. கருதிய பொருள் எதுவெனத் தெரியாதவிடத்து முதுமொழி பாதியாகவே எஞ்சுகிறது.

அச்சேறிய தொகுப்புகள் பெரும்பாலும் இப்பாதியையே காத்தன. பெர்சிவலின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளை அகரவரிசையில் தந்தது; 1897இல் ஜென்சன் பழமொழிகளைப் பொருள்வாரியாக வகைப்படுத்தினார். இவ்வுழைப்பு இன்றியும் ஆய்வு இல்லை. ஆயினும், சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பது வரிசையில் இடம்பெறவில்லை.

'மாமியா ஒடைச்சா மண்கொடம், மருமக ஒடைச்சா பொன்கொடம்' என்பதற்கு 'ஓரவஞ்சனை' எனப் பொருள் எழுதுவது எளிது. மருமகள் சொன்னால் அது முறையீடு. அண்டை வீட்டு மூதாட்டி மாமியார் காதுபடச் சொன்னால் கண்டனம். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்பதிலுள்ள 'ஆம்' கூற்றை ஊரார்மேல் ஏற்றிவிடுகிறது. வயலில் கூலிக்கு நிற்பவள், மேற்பார்ப்பவரைப் பெயர் சுட்டாமல் இடித்துரைக்க இவ்விகுதியே அரண். 'உடைத்தால்', 'என்றாளாம்' என எழுத்து வழக்காகத் திருத்தும்போது பொருள் சிதைவதில்லை. பேசியவரின் ஊரும் நிலையும் மறைகின்றன.

கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி (1982) பேச்சுவழக்கை அகராதித் தகுதிக்கு உயர்த்தியது. அடுத்த படி, வழக்கோடு தருணத்தையும் பதிவதாகும். வீட்டு முதியோரிடமும் உழைக்கும் மக்களிடமும் கேட்டெழுதும் கள ஆய்வாளர், சொலவடைக்கு அருகில் அது எழுந்த சண்டையையும் குறித்தல் வேண்டும். முதியோர் மறைந்தபின் சொற்களை ஏட்டில் தேடலாம். சண்டையைத் தேட இயலாது.