மாலை ஐந்து மணிப் பூங்காக்கள்

நகரங்களை அழகுபடுத்துவது போருக்குப் பிந்திய இலங்கையில் எல்லாக் கட்சிகளுக்கும் பொதுவான கொள்கையாகிவிட்டது. கொழும்பில் சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றிச் செய்ததை 2021இல் 100 நகரங்களுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் யாழ்ப்பாணத்து ஆரியகுளம் நடைபாதையும் விளக்குமாகத் திறக்கப்பட்டது. ஆட்சி மாறினாலும் வரைபடம் மாறுவதில்லை: பதித்த கல், கொங்கிறீற் வாங்கு, எல்ஈடி விளக்கு, ஊரின் பெயரைச் சொல்லும் ஆளுயர எழுத்துகள். மன்னாருக்கும் இப்படி வேண்டும் என்று சுற்றுலாவைக் காட்டிக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். மரத்தைப் பற்றிக் கேட்டால் அவர்களிடம் ஆயத்தமான பதில் ஒன்று உண்டு. மன்னார் மணல் தீவு, உப்புக்காற்று அடிக்கிற இடம், சோளகம் எழும்பினால் மாதக்கணக்கில் ஓயாது. இங்கே மரம் பிழைக்காது, கல்தான் நிலைக்கும் என்கிறார்கள். இந்தப் பதிலோடு எனக்கு நெடுநாள் வழக்கு.

அழகுபடுத்தலால் நன்மை இல்லாமல் இல்லை. இருட்டியதும் கதவடைத்துப் பழகிய ஊர்களில் இன்று வெளிச்சமான பாதையில் பெண்கள் மாலையில் நடக்கிறார்கள். சக்கர நாற்காலி தடங்கலின்றி உருள்கிறது, பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள். ஒரு தலைமுறைக்கு இது கிடைக்கவே இல்லை என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

ஆனால் இந்த நன்மைகள் எல்லாம் மாலை ஐந்து மணிக்குப் பிறகே கிடைக்கின்றன.

மன்னார் ஏறத்தாழ வடக்கு 9 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு முறையும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆனி மாதத்தில்கூட நாலு மீற்றர் உயரச் சுவரின் நண்பகல் நிழல் ஒரு மீற்றர் அளவுதான் விழும். ஆகவே இந்த ஊரில் நிமிர்ந்து நிற்கும் எதுவும், சுவரோ தூணோ சிலையோ விளக்குக் கம்பமோ, வெயில் கொளுத்தும் வேளையில் நிழல் தராது. தலைக்கு மேல் படர்ந்து விரிவதுதான் தரும். நம் பூங்கா வரைபடங்களில் இருப்பவையோ அநேகமாக நிமிர்ந்து நிற்பவை, அல்லது தரையோடு கிடப்பவை. அலங்காரத்துக்கென்று நடுகிற பனை இனங்களும் அந்த வகைதான். பனை நிழலும் நிழலோ என்று கேட்கும் பழமொழி, பனந்தோப்புகள் நிறைந்த இந்தத் தீவில் யாருக்கும் தெரியாததில்லை.

மன்னாரின் அடையாளமான பெருக்கமரமும் இந்த இடத்தில் கைகொடுக்காது. பள்ளிமுனை மரத்தின் அடிச்சுற்று 19 மீற்றருக்கு மேல். அதைப் பார்க்க வெளியூர்க்காரர் வருகிறார்கள், வரட்டும். ஆனால் அது வறட்சியில் இலை உதிர்க்கும் மரம். நிழல் மிகவும் தேவைப்படும் மாதங்களில் வெறுங்கிளையோடு நிற்கும். சின்னத்துக்கும் சேவைக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை அழகுபடுத்துபவர்கள் கவனிப்பதில்லை. படம் பிடிக்கத் தோதான மரத்தைத் தேடுகிறார்கள். கீழே உட்காரத் தோதான மரம் அவர்கள் பட்டியலில் இல்லை.

வெப்பமண்டல நகரத்தில் ஆளை வாட்டுவது காற்றின் வெப்பத்தைவிட உடலில் நேரே படுகிற வெயிலும், சூடேறிய தரையும் சுவரும் திருப்பி வீசுகிற அனலும்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ரொஹிந்தன் இம்மானுவேலும் சுவீடன் ஆய்வாளர் எரிக் ஜோஹன்சனும் கொழும்புத் தெருக்களை ஆராய்ந்து 2006, 2007ஆம் ஆண்டுகளில் எழுதியவை இதைத்தான் சொல்கின்றன. வெளிர்நிறம் பூசினால் காற்றின் வெப்பம் சற்றுக் குறையும். மனிதன் உணரும் வெப்பத்தைப் பெரிதாகக் குறைப்பது நிழல். அவர்கள் கொழும்புக்குச் சொன்ன வழி, ஒடுங்கிய தெருவும் உயர்ந்த கட்டடமும். மன்னார் தாழ்ந்த கூரைகளின் ஊர், உச்சிச் சூரியனின் ஊர். அந்த வழி இங்கே உதவாது. எஞ்சுவது மரமும் கூரையும்தான். நாம் செய்வதோ, இருக்கும் மணலையும் புல்லையும் கல்லால் மூடிப் பகல் முழுதும் அனல் வீசும் தரையை விரித்து, அதன் நடுவில் தொட முடியாத சூட்டில் ஒரு வாங்கைப் போட்டு, அதற்குப் பூங்கா என்று பெயர் வைப்பது.

இதனால் பாதிக்கப்படுபவர் யார் என்று பார்த்தால் இது அழகுப் பிரச்சினையாக இராது. மாலையில் நடக்க வருபவருக்கு வீடு இருக்கிறது, வீட்டில் காற்றாடி இருக்கிறது. பகல் பதினொரு மணிக்கு வெளியில் நிற்பவர் வேறு ஆள். நானாட்டானிலிருந்தோ சிலாவத்துறையிலிருந்தோ ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் வந்து, வேலை முடிந்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், மீன் விற்பவர், ஓட்டோக்காரர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை. இவர்கள் ஒதுங்குவது கடைப் பத்திகளிலும் மதிலோரத்து வேம்பின் கீழும். கடைக்காரர் மனம் வைத்தால் நிற்கலாம். பொதுப்பணத்தில் கட்டிய இடம் வெறிச்சோடிக் கிடக்க, மக்கள் தனியாரின் தகரத்துக்குக் கீழே இரவல் நிழலில் நிற்கிறார்கள். மன்னார்க் கழுதைகள் நண்பகலில் எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு போனால் நகரத்தின் நிழல் வரைபடம் கிடைத்துவிடும். அதிகாரிகளுக்கும் நிழலின் அருமை தெரியாததல்ல. திறப்பு விழாக்களில் விருந்தினருக்கு முதலில் போடுவது பந்தல்; விழா முடிந்ததும் முதலில் கழற்றுவதும் அதைத்தான்.

மரம் பிழைக்காது என்ற வாதத்துக்கு வருவோம். பூவரசு கடற்கரைக்கே உரிய மரம். உப்பு அதற்குப் புதிதல்ல. வடக்கில் வேலிக்கு அதைக் கதியாலாக நட்டுத் துளிர்க்க வைப்பது எல்லோருக்கும் கைவந்த வேலை. ஆளுயரக் கதியாலை மாரி தொடங்கும்போது நட்டால் கன்றை வைத்துப் பல வருடம் காத்திருக்கத் தேவையில்லை. வேம்பு இந்த வறட்சிக்குப் பழகியது. குடைபோல விரியும் உடை மரம் தானாக வளர்ந்து நிற்கிறது, அதை முள் என்று சொல்லி வெட்டுகிறோம். மரம் வளரும்வரை கிடுகுக் கொட்டகை போடலாம். பருத்தித்துறையில் நம் முன்னோர் ஒரு தெருவுக்கே கூரை போட்டார்கள். அங்குள்ள தெருமூடி மடத்தில் பாதை கற்றூண்களுக்கு இடையே, கூரைக்குக் கீழே போகிறது. இரு பக்கமும் வழிப்போக்கர் இருந்து இளைப்பாறத் திண்ணை. வடக்கின் பழைய பாதைகளில் கிணறு, மடம், சுமைதாங்கி, மரம் நான்கும் சேர்ந்தே இருந்தன. சிங்கப்பூர் 2013இல் ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீற்றர் தூரத்துக்குள் கூரையிட்ட நடைபாதைகள் அமைக்க முடிவெடுத்தது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பார்கள். தெருமூடி மடத்தைக் கட்டியவர்களிடமும் இருந்திருக்காது.

உண்மையான தடை மண்ணிலோ காற்றிலோ இல்லை, ரெண்டரில் இருக்கிறது. கல்லைச் சதுர மீற்றரில் அளந்து பில் போடலாம், விளக்கை எண்ணலாம், நிழலை அளக்க மதிப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை. டிசம்பருக்குள் செலவாகாத காசு திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்பதால் வருடக் கடைசியில் வேலை தலைதெறிக்க நடக்கிறது. மன்னாருக்குக் கிடைக்கும் ஆண்டுக்கு 1,000 மில்லிமீற்றர் அளவான மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. மரம் நட அதைவிட நல்ல காலம் கிடையாது. அந்தக் காலத்தில்தான் நாம் மணலைக் கல்லால் மூடுகிறோம். நிலத்துக்குள் இறங்கி, உவருக்கு மேல் மிதக்கும் நன்னீரோடு சேர வேண்டிய தண்ணீர் வாய்க்காலில் ஓடுகிறது, அல்லது வீட்டு வாசலில் தேங்குகிறது. ஒப்பந்தகாரர் கைமாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஓரத்தில் ஓரடிக் குழிக்குள் வைத்த கன்றை மாசியில் ஆடு தின்கிறது. பிறகு, பார்த்தீர்களா, மரம் பிழைக்கவில்லை என்கிறார்கள்.

நகர சபையிடம் ஆளில்லை என்பது கடைசிச் சமாதானம். ஆளில்லாத சபை கல் பெயர்ந்தாலும் விளக்கு அணைந்தாலும் எதைச் செய்யப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி மரத்துக்கு மட்டும் வருகிறது. மூன்று வருடம் பவுசரில் தண்ணீர் ஊற்றுவதையும் ஆடு மாடு கழுதை தின்னாமல் அடைப்புக் கட்டுவதையும் மதிப்பீட்டிலேயே எழுதலாம். ஒப்பந்தகாரரின் காசில் ஒரு பகுதியை மூன்றாம் மாரிவரை பிடித்து வைத்து, உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிக் கொடுக்கலாம். வேலையை ஏற்க வரும் பொறியியலாளர் சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து அந்த வாங்கில் அரைமணி நேரம் இருந்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.