கர்னலும் மானேஜரும்

பட்ஜெட் இல்லை என்று புலம்பும் உதவி டைரக்டர்கள் யாராவது இதைப் படித்தால், 'கேஷ் ஆன் டிமாண்ட்' படத்தைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். டிராகுலா புகழ் ஹேமர் கம்பெனி 1961-ல் சிக்கனமாக எடுத்த கறுப்பு வெள்ளை த்ரில்லர். க்வென்டின் லாரன்ஸ் டைரக்‌ஷன். கார் துரத்தல் கிடையாது. ஏறக்குறைய முழுப் படமும் சின்ன ஊர் பேங்க் ஒன்றுக்குள்ளேயே நடக்கிறது. வெளியே கிறிஸ்துமஸ் நெருங்குகிறது.

பீட்டர் குஷிங், சிடுசிடு மானேஜர். ஒரு சில்லறைக் கணக்குப் பிசகுக்காக பியர்சன் என்கிற பழைய ஊழியரின் வேலைக்கே உலை வைக்கப் பார்க்கிறார். அப்போது இன்ஷூரன்ஸ் அதிகாரி என்று சொல்லிக்கொண்டு ஒரு கர்னல் (ஆந்த்ரே மோரெல்) வருகிறார். உன் மனைவியும் பையனும் எங்கள் பிடியில், ஸ்ட்ராங் ரூமைத் திற என்கிறார், படு மரியாதையாக. 93,000 பவுண்டு!

கொஞ்ச நேரத்தில் பணத்தைப் பற்றிய கவலையே நமக்குப் போய்விடுகிறது. காலையில் யாரைக் குதறினாரோ, அதே பியர்சனிடம் மானேஜர் கெஞ்ச வேண்டி வருகிறது. குஷிங்கின் குரல் உடைகிற அந்த இடம் ஒன்று போதும். டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதை வாசனை அடிக்கிறதுதான். கடைசியில் ஆசாமி கொஞ்சம் அவசரமாகவே நல்லவராகிவிடுகிறார். மன்னித்துவிடலாம்.

ஆபீஸில் நாலு பேரை மேய்க்கிறவர்கள் மட்டும் தனியாகப் பார்ப்பது உத்தமம்.