தோலில் எழும் மான்

அமெரிக்கத் தோல்வேலை என்றாலே பூவும் கொடியும் செதுக்கிய குதிரைச் சேணம்தான் பேர்போனது. எனக்கென்னவோ அங்கே தோலில் செதுக்கும் மானும் கரடியும்தான் பிடிக்கும். ஆல் ஸ்டோல்மன் என்ற தோல்கலைஞர் இந்தக் கலைக்குப் புத்தகங்களே எழுதியிருக்கிறார்.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட மாட்டுத்தோலை ஈரப்படுத்தி, சுழல்கத்தியால் உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் கீறுவார்கள். ஈரம் கூடினாலும் குறைந்தாலும் அச்சு சரியாகப் பதியாது. செதுக்கல் என்று பெயர்தானே தவிர, தோலைக் குடைந்து எடுப்பதே இல்லை. கோட்டின் வெளிப்பக்கத்தைச் சாய்முனை அச்சால் தட்டி அமுக்க, மான் தானாக மேலெழும்பும். கழுத்து ரோமம் இழை இழையாகக் கீறல்.

கண்தான் சோதனை. கறுப்புச் சாயத்தின் மேல் ஒரே வெள்ளைப் புள்ளி. அது இடம் பிசகினால் மான் திருதிருவென முழிக்கும்! சாயத்தை நீர்க்கத் தடவ வேண்டும். அப்பிவிட்டால் தோலின் நிறம் செத்துப்போகும். அதற்கு அட்டையிலேயே வரைந்திருக்கலாம்.